ஒரே ஒரு தோல்வி

உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டிகள் இரண்டு முறைகளில் நடத்தப்படுகின்றன. ஒன்று லீக் முறை. அதில் ஒவ்வோர் அணியும் மற்ற எல்லா அணிகளையும் சந்திக்கிறது. இன்று தோற்றவர் அடுத்த கிழமை வெல்லலாம். வெற்றிகளும் சமநிலைகளும் புள்ளிகளாகச் சேர்ந்து, பருவகால முடிவிலேதான் முதலிடம் யாருக்கு என்பது தெரியும். மற்றது விலகல் முறை. எங்கள் ஊர்களில் 'நொக் அவுட்' என்றே எல்லோரும் சொல்லுவார்கள். அதில் ஒருமுறை தோற்றால் போதும், அந்த அணியின் கதை அந்த ஆண்டுக்கு முடிந்தது. தொண்ணூறு நிமிடங்களில் எண்பத்தொன்பது நிமிடங்கள் திறமாக ஆடியவர்களாயினும் சரி, கடைசி நிமிடத்தில் பந்து ஒருவரின் முழங்காலில் பட்டு வலைக்குள் போய்விட்டால் அவர்கள் காலணியைக் கழற்ற வேண்டியதுதான்.

இது நீதியா? தோற்ற அணியின் இளைஞர்கள் மைதானத்து ஓரத்தில் குந்தியிருந்து கேட்கும் கேள்வி இது. 'ஆற்றாமையில் பேசுகிறார்கள்' என்று பெரியவர்கள் கடந்து போய்விடுவார்கள். ஆனால் ஆற்றாமையில் பிறந்த காரணத்தினால் ஒரு கேள்வி பிழையாகிவிடாது. ஒரு மனிதனை, அல்லது மனிதர் கூட்டம் ஒன்றை, ஒரே ஒரு நாளை வைத்து மட்டிட்டு வெளியே அனுப்பலாமா என்பது விளையாட்டு மைதானத்துக்கு அப்பாலும் செல்லும் கேள்விதான்.

நாடு தழுவிய விலகல் முறைக் கிண்ணங்களுக்கெல்லாம் தாய், இங்கிலாந்தின் உதைபந்தாட்டச் சங்கக் கிண்ணம். அதன் முதலாவது போட்டி 1871ஆம் ஆண்டு தொடங்கி 1872இல் நிறைவுற்றது. பெயர் கொடுத்தவை பதினைந்து கழகங்கள் மட்டுமே. அவற்றுள் ஒன்று ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரிலிருந்து வந்த குயீன்ஸ் பார்க். முன்னைய சுற்றுகளில் ஓர் ஆட்டமும் ஆடாமலே அவர்கள் அரையிறுதிக்கு வந்துசேர்ந்தார்கள். லண்டன் கெனிங்ரன் ஓவல் மைதானத்தில் வொண்டரர்ஸ் கழகத்துடன் அவர்கள் ஆடிய அரையிறுதி கோல் எதுவுமின்றிச் சமநிலையில் முடிந்தது. மீண்டும் ஆடவேண்டும் என்பது விதி. ஆனால் லண்டனில் தங்கியிருக்கவோ, ஊருக்குப் போய்த் திரும்பி வரவோ கிளாஸ்கோக்காரரிடம் காசு இருக்கவில்லை. விலகிக்கொண்டார்கள். வொண்டரர்ஸ் இறுதியாட்டத்துக்குச் சென்று, றோயல் எஞ்சினியர்ஸ் அணியை 1-0 என வென்று முதற் கிண்ணத்தைத் தூக்கிச் சென்றது.

கிண்ணத்தின் வரலாற்றில் முதலாவது பக்கத்திலேயே இப்படி ஒரு வரி இருக்கிறது. தோற்காமலே வெளியேறிய அணி அது. அவர்களை வெளியே அனுப்பியது எதிரணியின் கால் அல்ல, ரயில் கட்டணம். (இன்னொரு வேடிக்கை: அடுத்த ஆண்டு, முந்திய ஆண்டின் சம்பியன் என்ற முறையில் வொண்டரர்ஸ் ஒரு சுற்றும் ஆடாமல் நேரே இறுதியாட்டத்தில் இறங்கியது. உள்ளவனுக்கே கொடுக்கும் வழக்கம் அன்றே தொடங்கிவிட்டது.)

நமது நாட்டில் இதே பெயருடைய கிண்ணம் 1948ஆம் ஆண்டு, சுதந்திரம் கிடைத்த அதே ஆண்டில், தொடங்கியது. அதனை அதிக முறை கைப்பற்றிய பெருமை கொழும்பு சோண்டர்ஸ் கழகத்துக்கு உரியது. பெயர் தேசியக் கிண்ணம் எனினும், கிண்ணத்தின் வரலாற்றை எடுத்துப் பார்த்தால் தலைநகரும் அதன் சுற்றுவட்டாரமும் படைப்பிரிவுகளுமே அதிகம் கண்ணில் படும். குடாநாட்டில் உதைபந்தாட்டம் இல்லாமையா இதற்குக் காரணம்? குருநகர், பாசையூர், நாவாந்துறை, இளவாலை, மயிலிட்டி என்று கரையோரமாக நடந்து பாருங்கள். கிறிக்கெற் நாடெங்கும் பரவிய பிறகும் இந்தக் கரைகளில் பந்து தரையிலேதான் உருண்டது. வலை இழுத்த கால்கள் மாலையில் மணலில் பந்தை உதைத்தன. நாவாந்துறை சென் மேரிஸ், பாசையூர் சென் அன்ரனிஸ், குருநகர் பாடும்மீன், இளவாலை யங் ஹென்றீசியன்ஸ் என்று கரையோரக் கழகங்கள் ஒருபுறம். ஊரெழு றோயல், மயிலங்காடு ஞானமுருகன், வதிரி டைமண்ட்ஸ் என்று உள்ளூர்க் கழகங்கள் மறுபுறம். புனிதர் பெயரும் முருகன் பெயரும் ஒரே அட்டவணையில் எதிரெதிரே எழுதப்படும் இடம் இந்த ஆட்டத்தைப்போல் வேறொன்று உண்டோ தெரியவில்லை. சென் பற்றிக்ஸ், இளவாலை சென் ஹென்றிஸ், தெல்லிப்பழை மகாஜனா ஆகிய கல்லூரிகள் ஆட்டக்காரரை உருவாக்கிக் கொடுத்தன. அண்மைக் காலத்தில் மகாஜனாவின் மாணவிகளும் பெயர் எடுத்திருக்கிறார்கள்.

இருந்தும் கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் ஏறத்தாழ நானூறு கிலோமீற்றர். கிளாஸ்கோவின் கதையை நான் எதற்காகச் சொன்னேன் என்பது இப்போது வாசகருக்கு விளங்கும். அதற்குப் பின்னர் வருவோம்.

முதலில் விலகல் முறைக்காகப் பேசவேண்டியதைப் பேசிவிட வேண்டும். ஏனெனில் அதனை அநீதி என்று ஒரே சொல்லில் தள்ளிவிட முடியாது. லீக் முறையில் அணிகளைத் தரம் பிரிப்பார்கள். முதற்பிரிவில் யார் ஆடலாம் என்பதை முதற்பிரிவில் ஏற்கெனவே இருப்பவர்கள் தீர்மானிப்பார்கள். கிண்ணப் போட்டியிலோ சின்னக் கழகமும் பெரிய கழகமும் ஒரே பெட்டிக்குள் துண்டுகளாக விழுகின்றன. கல்கத்தாவின் மோகன் பகான் கழகத்தின் கதை இதற்கு நல்ல சாட்சி. 1911ஆம் ஆண்டு யூலை 29ஆம் திகதி, ஐ.எவ்.ஏ. கேடய இறுதியாட்டத்தில், பெரும்பாலும் வெறுங்காலுடன் ஆடிய அந்த வங்காள இளைஞர்கள் கிழக்கு யோர்க்ஷயர் படைப்பிரிவின் அணியை 2-1 என வென்றார்கள். அந்தக் கேடயம் விலகல் முறைப் போட்டி. அதே கல்கத்தாவின் லீக் போட்டிக்குள் மோகன் பகான் சேர்க்கப்பட்டதோ 1914இல், அதுவும் இரண்டாம் பிரிவில். லீக்கின் கதவு மூடியிருந்தபோது கிண்ணத்தின் கதவு திறந்திருந்தது. ஆளும் இனத்தின் அணியை ஆளப்படுபவர்கள் ஒரே ஒரு மாலையில் வென்று காட்டினார்கள். 'நூறு ஆட்டம் ஆடிப் பார்ப்போம்' என்று சொல்ல அங்கே இடமில்லை.

ஆகவே ஒரே நாளில் எல்லாம் முடிந்துவிடுவது பலவீனருக்குப் பாதகம் மட்டுமல்ல, சாதகமும்தான். பலவான் நீண்ட ஆட்டத்தையே விரும்புவான். அவனிடம் மாற்று வீரர் உண்டு, காசு உண்டு, காலம் உண்டு. எளியவனுக்கோ ஒரு நாள் கிடைத்தால் அதுவே பெரிது. தோற்ற அணிக்கு அநீதியாகத் தோன்றும் அதே விதிதான் இன்னோர் ஆண்டில் அதே அணிக்கு வாசலைத் திறந்துவிட்டது என்பதை மறந்து பேசுவது சரியல்ல.

அப்படியானால் குறை எங்கே இருக்கிறது? தீர்ப்பில் அல்ல, தீர்ப்பை நாம் வாசிக்கும் விதத்தில் என்பது என் எண்ணம். விலகல் முறை கேட்கும் கேள்வி, 'இன்று யார் அதிகம் கோல் போட்டார்?' என்பது மட்டுமே. 'யார் சிறந்தவர்?' என்பதை அது கேட்கவேயில்லை. கேட்காத கேள்விக்கு அது விடை சொன்னதாக எடுத்துக்கொண்டு, வென்றவனைத் தோளில் தூக்கித் தோற்றவனைத் தூற்றுவது பார்வையாளராகிய நாங்கள்தான். யானைக்கும் அடி சறுக்கும் என்று ஒருபுறம் பழமொழி சொல்லிக்கொண்டே, சறுக்கிய யானையைப் பூனை என்று அழைக்கிறோம்.

சமநிலையில் முடிந்த ஆட்டத்தை என்ன செய்வது என்ற சிக்கலில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். லீக்கில் சமநிலைக்கு இடமுண்டு, ஆளுக்கொரு புள்ளி. விலகல் முறைக்குச் சமநிலை ஆகாது. இரண்டு சமமானவர்களில் ஒருவரை எப்படியாவது வெளியே அனுப்பியாக வேண்டும். இதற்கு முன்னோர் கண்ட வழி திருவுளச்சீட்டு. அந்தச் சொல்லைக் கவனியுங்கள். துண்டை எடுத்தது மனிதன் கை. தீர்மானித்தது திருவுளம் என்று பெயர். உத்தரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், 919ஆம், 921ஆம் ஆண்டுகளுக்குரியவை, குடவோலை முறையை விவரிக்கின்றன. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு, உள்ளே இருப்பதை அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பித்தார்கள். யூதாசின் இடத்துக்கு ஒருவரைத் தெரிந்தபோது திருத்தூதர்கள் சீட்டுப் போட்டதையும் வாசகர் அறிவர். சீட்டு மத்தியாசின் பேருக்கு விழுந்தது. மற்றவரான யோசேப்பு பர்சபா தகுதி குறைந்தவர் என்று அன்றும் எவரும் சொல்லவில்லை, இன்றும் சொல்வதில்லை.

1954ஆம் ஆண்டு மார்ச்சு 17ஆம் திகதி உரோமை நகரில் இந்தக் குடவோலைக் காட்சி மறுபடி நடந்தது. உலகக் கிண்ணத்துக்குத் தகுதி பெறுவதற்காக ஸ்பெயினும் துருக்கியும் ஆளுக்கொரு ஆட்டத்தை வென்றிருந்தன. மூன்றாவது ஆட்டமும் 2-2 எனச் சமநிலை. ஓர் இத்தாலியச் சிறுவனை அழைத்துத் துண்டை எடுக்கச் சொன்னார்கள். துருக்கியின் பெயர் வந்தது. ஸ்பெயின் வீட்டில் இருந்தது. 1968இல் ஐரோப்பியக் கிண்ண அரையிறுதியில் இத்தாலியும் சோவியத் யூனியனும் நேப்பிள்ஸ் நகரில் கோலின்றி முடித்துக்கொண்டபோது நாணயம் சுண்டப்பட்டது. இத்தாலிக்கு விழுந்தது, அவர்களே பின்னர் கிண்ணத்தையும் வென்றார்கள். அதே ஆண்டு மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் பல்கேரியாவிடம் சீட்டில் தோற்று வெளியேறிய இஸ்ரேல், இனி இப்படி வேண்டாம், பெனால்ரி உதைகளால் தீர்ப்போம் என்று பிரேரித்தது. 1970இல் அது சர்வதேச விதியாயிற்று.

சீட்டைவிடப் பெனால்ரி மேல் என்று எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள். அதில் திறமைக்கு இடமுண்டு; மன உறுதிக்கு இடமுண்டு. உண்மை. ஆனால் ஒரு விடயத்தில் சீட்டு இரக்கமுள்ளது. சீட்டில் தோற்ற அணியில் எவனுக்கும் பழி இல்லை. ஸ்பெயின் நாட்டவர் அந்த இத்தாலியச் சிறுவனையா குறை சொல்ல முடியும்? பெனால்ரி வந்தபிறகு தோல்விக்கு ஒரு பெயரும் ஒரு முகமும் கிடைத்துவிட்டன. பதினொரு பேரும் சேர்ந்து ஆடிய ஆட்டத்தின் தோல்வியை ஒருவன் தனியாக வீட்டுக்குச் சுமந்து செல்கிறான்.

இத்தாலியின் றொபேட்டோ பஜியோவை எடுத்துக்கொள்வோம். 1994 உலகக் கிண்ணத்தில் நைஜீரியாவுக்கு எதிராக இரண்டு, ஸ்பெயினுக்கு எதிராக ஒன்று, அரையிறுதியில் பல்கேரியாவுக்கு எதிராக இரண்டு என ஐந்து கோல்களைப் போட்டுத் தன் நாட்டை இறுதியாட்டம் வரை கொண்டுவந்தவர் அவர். பிறேசிலுடனான அந்த ஆட்டம் கோலின்றி முடிந்து பெனால்ரிக்குச் சென்றது. பஜியோவின் உதை கம்பத்துக்கு மேலாகப் பறந்தது. உலகம் நினைவில் வைத்திருப்பது அந்த ஒன்றை மட்டுமே. அவருக்கு முன்னரே பரேசியும் மசாரோவும் கோட்டைவிட்டிருந்தனர் என்பதும், பஜியோ கோல் போட்டிருந்தாலும் பிறேசிலுக்கு இன்னும் ஓர் உதை மீதமிருந்தது என்பதும் எத்தனை பேருக்கு ஞாபகம்? முப்பது ஆண்டு கடந்தும் அந்த மனிதரை இடுப்பில் கைவைத்துத் தலை குனிந்து நிற்கும் படத்திலேயே நிறுத்தி வைத்திருக்கிறோம்.

இத்தாலி பெரிய நாடு; பஜியோவுக்குப் பணமும் புகழும் இருந்தன; தாங்கிக்கொண்டார். நமது கிராமம் ஒன்றில் பதினெட்டு வயதுப் பையன் ஒருவனுக்கு இது நேர்ந்தால் என்ன ஆகிறது என்று பாருங்கள். சந்தியில் நின்றால் கேலி, தேநீர்க் கடைக்குப் போனால் கேலி. பத்து வருடம் கழித்து அவனுடைய கலியாண வீட்டிலும் எவராவது ஒருவர் அந்தப் பந்தை எடுத்துப் பேசுவார். பகிடி என்று சொல்லிச் செய்கிறோம். பெனால்ரி உதைக்கத் துணிந்து முன்வந்தவன் அவன் ஒருவன்தான் என்பதையும், மற்றவர்கள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு நின்றார்கள் என்பதையும் ஊர் கவனிப்பதில்லை. உண்மையில் தவறவிடுவதற்கும் ஒரு தகுதி வேண்டியிருக்கிறது. முன்வராதவன் எதையும் தவறவிடுவதில்லை.

இந்த மனப்பான்மை மைதானத்தோடு நின்றால் பரவாயில்லை. நமது பிள்ளைகளின் படிப்பிலும் அது புகுந்துகொண்டது. க.பொ.த. உயர்தரப் பரீட்சைக்கு மூன்று முறை தோற்றலாம். அது ஓரளவு லீக் போன்றது. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையோ ஒரே முறை. பத்து வயதுக் குழந்தைக்கு நாம் வைத்திருக்கும் நொக் அவுட். அந்தப் பரீட்சை ஏழைப் பிள்ளைக்கு உதவிப் பணமும் நல்ல பாடசாலையும் தேடிக் கொடுக்கும் நோக்கில் வந்தது. மோகன் பகானுக்குக் கேடயம் திறந்த கதவு போன்றதே அது. அதனை நான் மறுக்கவில்லை. ஆனால் வெட்டுப்புள்ளிக்கு ஒரு புள்ளி குறைந்த பிள்ளையைப் பார்த்து, 'நீ இன்று ஒரு புள்ளி குறைவு' என்று எவரும் சொல்வதில்லை. 'நீ பாஸ் இல்லை' என்கிறோம். சித்தியடைந்த பிள்ளைகளின் படங்களைப் பதாகையில் போட்டு மதிலில் தொங்கவிடுகிறோம். மற்றப் பிள்ளைகள் அடுத்த நாளும் அதே மதிலைக் கடந்துதான் பள்ளிக்கு நடக்க வேண்டும். உதைபந்தாட்டக் கிண்ணத்துக்கு அடுத்த ஆண்டு உண்டு. அங்கே வெளியேற்றம் பன்னிரண்டு மாதத்துக்கு மட்டுமே. அந்தக் கருணையும் இல்லாத ஓர் இடத்துக்கு விலகல் முறையைக் கொண்டுவந்து வைத்தவர்கள், அது விளையாட்டு என்பதை மறந்துபோனார்கள்.

இனிக் கிளாஸ்கோக்காரரிடம் திரும்புவோம். தோற்று வெளியேறுவது ஒன்று. ஆடாமலே வெளியில் நிற்பது வேறொன்று. உத்தரமேரூர்க் குடத்திலும் எல்லோருடைய ஓலையும் விழுந்துவிடவில்லை. வரி செலுத்தும் நிலம், சொந்த மனை, முப்பத்தைந்துக்கும் எழுபதுக்கும் இடைப்பட்ட வயது, வேத அறிவு என்று தகுதிகள் வகுத்திருந்தார்கள். குடத்துக்குள் கை விட்ட சிறுவன் பாரபட்சம் அற்றவன்தான். ஆனால் குடத்துக்குள் எதை இடுவது என்பதை வேறு யாரோ முன்னரே முடிவு செய்திருந்தார்கள். சீட்டு எவ்வளவு நேர்மையானதாயினும், போடப்படாத பெயர் ஒருபோதும் வெளியில் வராது.

குடாநாட்டின் பெயர் நீண்ட காலம் அப்படித்தான் இருந்தது. 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி 1990 யூனில் யாழ்ப்பாணத்துக்கு வராமல் நின்றது. மீண்டும் வந்து சேர்ந்தது 2014 ஒக்ரோபரில். ஏ-9 வீதி மூடப்பட்டது, 2002இல் திறந்தது, 2006 ஓகஸ்டில் மறுபடி மூடியது, 2009இல் போர் முடிந்த பிறகே வழி பிறந்தது. தொண்ணூறுகளின் முற்பகுதியில் வெளியே போவதானால் கிளாலிக் கடல்நீரேரியில் இரவுப் படகு, உயிர் கையில். பின்னர் காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலைக்குக் கப்பல், அதற்கு அனுமதிப் பத்திரம். பந்தும் பையுமாக ஓர் அணி புறப்பட்டுக் கொழும்புக்குச் சென்று ஒரு சுற்று ஆடிவிட்டு வருவதென்பது பேசக்கூடிய பேச்சாகவே இருக்கவில்லை. 1995 ஒக்ரோபர் முடிவில் வலிகாமமே இரவோடிரவாகப் பெயர்ந்தது. மயிலிட்டிக் கரையில் பிறந்த பையன்கள் அந்தக் கரையைக் காணாமலே அகதி முகாம்களில் வளர்ந்து, ஆடும் வயதைக் கடந்து, தகப்பன்மாராகிப் போனார்கள். மயிலிட்டித் துறை மக்களிடம் திரும்பியது 2017 யூலையில். யாழ்ப்பாணம் துரையப்பா விளையாட்டரங்கை 1999இல் புனரமைக்கத் தோண்டியபோது மண்ணுக்குள்ளிருந்து மனித எலும்புகள் வந்தன. அதே அரங்கு இந்திய உதவியுடன் திருத்தப்பட்டு 2016 யூன் 18இல் திறந்து வைக்கப்பட்டது.

அந்த ஆண்டுகளிலும் நாட்டில் கிண்ணப் போட்டிகள் நடந்தன, வென்றவர்களும் இருக்கிறார்கள். 1995இல் இலங்கை அணி கொழும்பில் இந்தியாவை 1-0 என வென்று தெற்காசியக் கிண்ணத்தைக் கைப்பற்றியது. வலிகாமம் பெயர்ந்த அதே ஆண்டு அது. அந்த வெற்றிகள் பொய்யா என்று ஒருவர் கேட்கலாம். பொய் அல்ல. வந்தவர்களோடு ஆடி வந்தவர்களை வென்றார்கள். அவர்கள் எந்தப் பிழையும் செய்யவில்லை. வொண்டரர்ஸ்சும் பிழை செய்யவில்லை. தன் முன்னால் நிற்காத ஒருவனுக்காக எந்த ஆட்டக்காரனும் குற்றவாளி ஆகமாட்டான். ஆனால் கிண்ணத்தின் முகப்பில் 'தேசிய' என்ற சொல்லைப் பொறித்தவர்களுக்கு வேறு பொறுப்பு உண்டு. அந்தச் சொல் ஆட்டக்காரனுடையதல்ல, போட்டியை நடத்துபவருடையது. நாடு முழுவதும் குடத்துக்குள் இருந்ததா என்று பார்க்கவேண்டியது அவர்கள் கடமை. 2023 சனவரி 21இல் சர்வதேச சம்மேளனம் இலங்கையைத் தடை செய்தபோது, நாட்டின் அணி சர்வதேசப் போட்டிகளில் ஆட முடியாமல் போனது. அவ்வாண்டு ஓகஸ்டில் தடை நீங்கும் வரை ஏழு மாதம். தென்னிலங்கை உதைபந்தாட்டக்காரர் அதனைப் பெரும் அநியாயமாக உணர்ந்தார்கள். உணர்ந்தது சரியே. ஏழு மாதம் அப்படி இருந்தால் இருபது வருடம் எப்படி இருந்திருக்கும் என்று அவர்களில் சிலராவது எண்ணியிருப்பார்கள் என நம்புகிறேன்.

போர்க் காலத்திலும் குடாநாட்டுக்குள் பந்து உருளாமல் இருக்கவில்லை. ஊர்க் கழகங்கள் தமக்குள் கிண்ணங்களை வைத்து ஆடின. இரவு விளக்கு இல்லாததால் பொழுதோடு ஆட்டத்தை முடித்துக்கொண்டன. அந்தப் போட்டிகளில் வென்றவர்கள் நாட்டில் எத்தனையாவது இடத்துக்குரியவர்கள் என்பது ஒருபோதும் தெரியவராது. அவர்கள் கொழும்பில் முதற் சுற்றிலேயே தோற்றிருக்கவும் கூடும். அப்படித் தோற்றிருந்தால் அந்தத் தோல்வி அவர்களுடையதாக இருந்திருக்கும். இன்றைக்கும் அதைச் சொல்லிச் சண்டை பிடித்திருப்பார்கள், மத்தியஸ்தரைத் திட்டியிருப்பார்கள்.

இப்போது வீதியும் ரயிலும் இருக்கின்றன. தென்னிலங்கைக்கு ஆடச் சென்ற கழகம் இரவு பஸ்ஸில் திரும்பி விடியற்காலையில் வந்து இறங்குகிறது. தோற்றுவிட்டு வரும் நாட்களில் பஸ்ஸுக்குள் ஒருவரும் பாட்டுப் பாடுவதில்லை. ஆனையிறவு தாண்டியதும் யாரோ ஒருவன் அந்த ஓவ்சைட் தீர்ப்பைப் பற்றி மறுபடி தொடங்குகிறான். நித்திரையில் இருந்தவர்களும் எழும்பிச் சண்டைக்கு வருகிறார்கள்.